சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடுவது எப்படி? புரோக்கன் ஹில் – டப்போ ஜோடியை வைத்து முழுக் கணக்கு

"இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம்?" என்று தேடினால் நொடியில் ஓர் எண் வந்து விழும். பெரிய நகரங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். சிறிய நிலையங்களுக்கு அதே எண்ணை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, இறங்கும்போதே அது கிளம்பிப் போயிருப்பதைப் பார்த்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

புதியவர்கள் தூரத்தில் அதிகம் தவறுவதில்லை. தவறினாலும் ஐந்து, பத்து கிலோமீட்டரோடு போய்விடும். சறுக்குவது வேகத்திலும் கடிகாரத்திலும்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்கு உள்ளே போகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் புரோக்கன் ஹில், டப்போ என்ற இரண்டு நிலையங்களை எடுத்திருக்கிறேன். இரண்டும் சிறிய ஊர்கள், ஒரே மாநிலம். இருந்தும் இந்தக் கணக்கில் வரக்கூடிய பொறிகள் பெரும்பாலும் இந்த ஒரே ஜோடியில் வந்துவிடுகின்றன.

தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இரு நிலையங்களின் குறியீடு, அட்சரேகை, தீர்க்கரேகை, அந்தத் தடத்தில் ஓடும் விமானத்தின் வகை, இரண்டு ஊர்களின் நேர மண்டலம், சைன், கொசைன் பொத்தான் உள்ள ஒரு கால்குலேட்டர்.

1. நேரடி விமானம் உண்டா என்று பாருங்கள்

இதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம். தூரம் காட்டும் கருவிகளுக்கு அங்கே விமானம் ஓடுகிறதா என்பது தெரியாது. எந்த இரண்டு புள்ளியைக் கொடுத்தாலும் ஒரு கோடு போட்டு, ஒரு வேகத்தால் வகுத்து, "பறக்கும் நேரம்" என்று எழுதிவிடும்.

புரோக்கன் ஹில்லிலிருந்து டப்போவுக்கு நேராகப் போனால் சுமார் 670 கிமீ. உங்கள் நாளில் நேரடி விமானம் இல்லாமல் சிட்னி வழியாகப் போக நேர்ந்தால், சிட்னி வரை சுமார் 930 கிமீ, அங்கிருந்து டப்போவுக்குத் திரும்பி வர சுமார் 310 கிமீ. கூட்டினால் 1,240. டப்போவைத் தாண்டிக் கடற்கரை வரை போய்விட்டுப் பின்னால் வருகிறீர்கள்.

அப்படியானால் 670 என்ற எண்ணுக்கு உங்கள் பயணத்தில் வேலையே இல்லை. கீழே உள்ள கணக்கை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் செய்து கூட்டுங்கள். இன்னொன்று: சிறிய தடங்களில் எல்லா நாளும் விமானம் ஓடாது. போகிற நாளின் அட்டவணையையும் திரும்பும் நாளின் அட்டவணையையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

2. ஊர்ப் பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டைப் பிடியுங்கள்

ஊர்ப் பெயர்கள் ஏமாற்றும். நியூகாசில் என்ற பெயரில் இங்கிலாந்தில் ஒரு விமான நிலையம் உண்டு, நியூ சவுத் வேல்ஸிலும் ஒன்று உண்டு. முன்னதன் மூன்றெழுத்துக் குறியீடு என்சிஎல், பின்னது என்டிஎல். ஓர் எழுத்து மாறினால் உலகின் மறுபக்கம்.

நம் ஜோடியில் புரோக்கன் ஹில் பிஎச்க்யூ, டப்போ டிபிஓ. வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ஊரின் மையப் புள்ளிதான் கிடைக்கும். இந்த இரண்டு ஊர்களிலும் நிலையம் ஊரை ஒட்டியே இருப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நிலையம் ஐம்பது, அறுபது கிமீ தள்ளி இருக்கும் ஊர்களில் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

3. டிகிரி, நிமிடம், விநாடியைத் தசமமாக மாற்றுங்கள்

நிலையங்களின் இருப்பிடம் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும்:

புரோக்கன் ஹில்: தெற்கு 32 டிகிரி 0 நிமிடம் 5 விநாடி, கிழக்கு 141 டிகிரி 28 நிமிடம் 18 விநாடி.

டப்போ: தெற்கு 32 டிகிரி 13 நிமிடம் 0 விநாடி, கிழக்கு 148 டிகிரி 34 நிமிடம் 29 விநாடி.

நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3,600 ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும். புரோக்கன் ஹில் 32.0014, 141.4717. டப்போ 32.2167, 148.5747. தெற்கு என்பதால் அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி.

வழக்கமான தவறு, 148 டிகிரி 34 நிமிடம் 29 விநாடியை அப்படியே 148.3429 என்று எழுதிவிடுவது. இந்த ஜோடியில் அந்தத் தவறைச் செய்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். டப்போ 20 கிமீக்கு மேல் மேற்கே நகர்ந்துவிடும். புரோக்கன் ஹில்லும் கிட்டத்தட்ட அதே அளவு மேற்கே நகர்ந்துவிடும். விடை 665 கிமீ என்று வரும். சரியான விடைக்கு நாலு கிமீதான் குறைவு. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். அடுத்த ஜோடியில் அவை எதிரெதிராக நகர்ந்தால் நாற்பது கிமீ கூட இடிக்கும்.

கழித்தல் குறியும் இதே மாதிரிதான். இரண்டிலும் விட்டுவிட்டால் தூரம் சரியாகவே வரும். ஆனால் உங்கள் இரண்டு நிலையங்களும் ஜப்பானுக்குத் தென்கிழக்கே பசிபிக் கடலில் மிதந்துகொண்டிருக்கும். ஒன்றில் மட்டும் விட்டால் 7,000 கிமீக்கு மேல் வரும், உடனே தெரிந்துவிடும். எனவே எண்களைப் போட்டதும் இரண்டு புள்ளிகளையும் ஒருமுறை வரைபடத்தில் திறந்து, ஓடுதளம் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

4. சூத்திரத்துக்கு முன் ஒரு மனக்கணக்கு

அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிமீ. எங்கே போனாலும் ஏறக்குறைய இதுதான். தீர்க்கரேகையில் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் 111 கிமீ, துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்லும்.

32 டிகிரியின் கொசைன் சுமார் 0.848. ஆகவே இங்கே தீர்க்கரேகையில் ஒரு டிகிரிக்கு 94 கிமீ. இரு நிலையங்களுக்கும் இடையே 7.1 டிகிரி. பெருக்கினால் 667. வடக்கு தெற்காக இருப்பது வெறும் 0.2 டிகிரி, சுமார் 24 கிமீ. செங்கோண முக்கோணத்தில் அது கர்ணத்தோடு அரை கிமீ கூடச் சேர்க்காது. ஆக, சூத்திரம் 670ஐ ஒட்டி ஏதாவது சொல்ல வேண்டும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூத்திரத்தின் விடையைப் பார்த்த பிறகு மனக்கணக்குப் போட்டால், மனம் அந்த விடைக்கே வளைந்து கொடுக்கும்.

5. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

பூமியை 6,371 கிமீ ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் காண்கிறோம். ஹேவர்சைன் முறை என்பார்கள்.

அட்சரேகை வித்தியாசம் 0.2153 டிகிரி. அதில் பாதியின் சைனை வர்க்கப்படுத்தினால் 0.0000035.

தீர்க்கரேகை வித்தியாசம் 7.1030 டிகிரி. அதில் பாதியின் சைனை வர்க்கப்படுத்தினால் 0.003837. இதை இரு அட்சரேகைகளின் கொசைன்களாலும் (0.8480, 0.8460) பெருக்கினால் 0.002753.

இரண்டையும் கூட்டினால் 0.002757. வர்க்கமூலம் 0.0525. இதன் தலைகீழ் சைனை ரேடியனில் எடுத்தால் 0.05253. அதை 12,742 ஆல், அதாவது பூமியின் விட்டத்தால் பெருக்க, 669.3 கிமீ.

தடுக்கி விழும் இடம் அந்தத் தலைகீழ் சைன். கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் 3.01 என்று காட்டும். அதைப் பெருக்கினால் 38,000 கிமீக்கு மேல் வரும், பூமியையே ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றிய தூரம். விரிதாளில் செய்தால் நேர்மாறான தொல்லை: அங்கே சைன், கொசைன் எல்லாமே ரேடியனை எதிர்பார்க்கும். டிகிரி எண்களை முதலிலேயே ரேடியனாக மாற்றிவிடுங்கள்.

பூமி துல்லியமான உருண்டை கிடையாது, துருவங்களில் சற்றுத் தட்டை. அதையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகள் இந்த ஜோடிக்கு ஒரு கிமீ சொச்சம் கூடுதலாகச் சொல்லும். இரண்டு இடங்களில் 669, 671 என்று வந்தால் எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பறக்கும் நேரத்தில் அது சில விநாடிகள்.

6. கிலோமீட்டரைக் கடல் மைலாக மாற்றுங்கள்

விமான வேகம் நாட் கணக்கில்தான் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிமீ. 669.3ஐ 1.852 ஆல் வகுத்தால் 361 கடல் மைல்.

சாதாரண மைல் வேறு, அது 1.609 கிமீ. அந்தக் கணக்கில் 416 மைல். சில கருவிகள் வெறும் "மைல்" என்று மட்டும் போடும். 416ஐக் கடல் மைல் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போனால் பறக்கும் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வீணாக ஏறிவிடும்.

7. எந்த விமானம் என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

தூரக் கருவிகள் பெரும்பாலும் மணிக்கு 800, 900 கிமீ என்று ஜெட் வேகத்தை வைத்துக்கொள்கின்றன. 669ஐ 850 ஆல் வகுத்தால் 47 நிமிடம். சிறிய நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் ஓடுவது டர்போப்ராப், அதாவது விசிறி வைத்த விமானம். அது அந்த வேகத்தில் போகவே போகாது.

முப்பது சொச்சம் பேர் உட்காரும் சாப் 340 சுமார் 270 நாட் வேகத்தில் போகும். ஏடிஆர் 72 அதை ஒட்டித்தான், 275. டேஷ் 8 வரிசையில் பெரியதான கியூ400 மட்டும் வேகக்காரி, 360 நாட் வரை போகும். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 450.

விமானத்தின் வகை டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் விமான எண்ணுக்குப் பக்கத்திலோ "விவரம்" என்பதைத் தட்டினாலோ கிடைக்கும். டேஷ் 8 என்று மட்டும் போட்டிருந்தால் நின்று பாருங்கள். அதே பெயரில் சிறிய ரகங்களும் உண்டு, அவை கியூ400 அளவுக்கு வேகம் கிடையாது.

8. வகுத்து வந்த விடையோடு நிறுத்தாதீர்கள்

சாப் 340ஐ வைத்துப் பார்ப்போம். 361 கடல் மைல் என்பது ஓடுதளத்திலிருந்து ஓடுதளத்துக்குக் கோடு போட்டால். ஏறிய பிறகு பாதையில் சேர்வதற்கும், இறங்கும் முன் ஓடுதளத்துக்கு நேராக வருவதற்கும் சற்றுச் சுற்ற வேண்டும். நெரிசல் இல்லாத இந்த மாதிரி நிலையங்களுக்குப் பத்து கடல் மைல் கூட்டினால் போதும். 370 என்று வைப்போம்.

370ஐ 270 ஆல் வகுத்தால் 1.37. இங்கே பலர் 1 மணி 37 நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60 ஆல் பெருக்க வேண்டும்: 22 நிமிடம். ஆக 1 மணி 22 நிமிடம், அதாவது 82 நிமிடம்.

ஏறும்போதும் இறங்கும் முன்பும் விமானம் தன் முழு வேகத்தில் போவதில்லை. அதற்கு 9 நிமிடம் கூட்டுகிறேன். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுதளம் வரை உருண்டு போக ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. மொத்தம் 101 நிமிடம்.

டிக்கெட்டில் போடும் நேரம் இதுதான். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை உள்ளதைப் பிளாக் நேரம் என்பார்கள். கருவி சொன்ன 47 நிமிடத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கு மேல்.

இதே கணக்கைக் கியூ400க்குப் போட்டால் சுமார் 80 நிமிடம், ஜெட்டுக்கு 70ஐ ஒட்டி வரும். வேகம் மூன்றில் இரண்டு பங்கு அதிகமாக இருந்தும் ஜெட் அரை மணி நேரம்தான் மிச்சப்படுத்துகிறது. ஏறுதல், இறங்குதல், உருளுதல் எல்லாம் எந்த விமானத்துக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. தூரம் குறையக் குறைய இந்த நிலையான செலவே பெரும்பங்கை விழுங்கிவிடும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே இடையே 3 கிமீ கூட இல்லாத ஒரு விமானத் தடம் உண்டு. அங்கே பயண வேகத்தால் வகுப்பதற்கே அர்த்தமில்லை.

9. காற்றைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை பாருங்கள்

புரோக்கன் ஹில்லிலிருந்து டப்போ கிட்டத்தட்ட நேர் கிழக்கு. அந்த அட்சரேகையில் மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. அதாவது டப்போவுக்குப் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும்.

40 நாட் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தரை வேகம் 310. 370 கடல் மைலுக்கு 72 நிமிடம். வரும்போது 230. அதற்கு 96 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், வித்தியாசம் 24 நிமிடம்.

"போகையில் கிடைத்தது வருகையில் போய்விடும், சமமாகிவிடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சமமாகாது. 72ஐயும் 96ஐயும் கூட்டினால் 168. காற்றே இல்லாவிட்டால் 164. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் நிற்கிறது, அதனால் இழப்புதான் எப்போதும் ஜெயிக்கும்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. காற்றுக்கு அது வரும் திசையின் பெயர், விமானத்துக்கு அது போகும் திசையின் பெயர். மேற்குக் காற்று கிழக்கே போகும் விமானத்துக்கு நண்பன்.

10. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

ஒரே மாநிலம்தானே என்று இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் கிழக்கு நேரத்தைப் பின்பற்றுகிறது, உலகப் பொது நேரத்துக்குப் பத்து மணி முன்னால். புரோக்கன் ஹில் அதே மாநிலத்தில் இருந்தும் பக்கத்துத் தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரத்தை வைத்திருக்கிறது, ஒன்பதரை மணி. கோடையில் இரண்டும் ஒன்றாக ஒரு மணி நேரம் முன்னே போகும். ஆக அரை மணி வித்தியாசம் ஆண்டு முழுக்க மாறாது.

காற்றை மறந்து 1 மணி 40 நிமிடம் என்றே வைப்போம். காலை 9.00க்குப் புரோக்கன் ஹில்லில் கிளம்பினால் டப்போவில் உள்ளூர் நேரம் 11.10. பகல் 12.00க்கு டப்போவில் கிளம்பினால் புரோக்கன் ஹில்லில் 1.10. அட்டவணையைப் பார்த்து நேரடியாகக் கழிப்பவருக்குப் போக 2 மணி 10 நிமிடம், வர 1 மணி 10 நிமிடம் என்று தெரியும். இரண்டுமே தவறு.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி: நேர மண்டலம் நினைவில் இல்லாவிட்டால், இரு திசைகளிலும் அட்டவணை காட்டும் நேரத்தைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 2.10ம் 1.10ம் சேர்ந்து 3.20, பாதி 1.40. மண்டல வித்தியாசம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் கழிவதால் தானாக மறைந்துவிடுகிறது.

ஆனால் காற்று பலமாக உள்ள நாளில் நடந்ததைப் பார்த்து மண்டலத்தை ஊகிக்காதீர்கள். போன படியின் 40 நாட் காற்றைச் சேர்த்தால், கடிகாரங்களின்படி போக 2 மணி 1 நிமிடம், வர 1 மணி 25 நிமிடம் என்று தோன்றும். கிழக்கே போகும்போது கடிகாரம் கூட்டுகிறது, காற்று குறைக்கிறது. ஒன்று மற்றொன்றைப் பாதி மூடி மறைக்கிறது. பிளாக் நேரத்தை முதலில் முடித்துவிட்டு மண்டலத்தைக் கடைசியில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

11. வாசலிலிருந்து வாசலுக்கு

பறக்கும் நேரம் பயண நேரம் ஆகாது. ஊரிலிருந்து நிலையம் வரை கால் மணி, கிளம்பும் முன் ஒரு மணி, இறங்கிப் பெட்டி எடுக்கக் கால் மணி, ஊருக்குள் போகக் கால் மணி. 1 மணி 40 நிமிடத்தோடு சேர்த்தால் 3 மணி 25 நிமிடம்.

சிட்னி வழியாக என்றால், இதே வகை விமானத்தில் முதல் பகுதி 2 மணி 15 நிமிடம், அடுத்தது ஒரு மணிக்குச் சற்று மேல். நடுவில் காத்திருப்பு இரண்டு மணி என்று தாராளமாக வைத்து, முன்னும் பின்னும் உள்ளதைச் சேர்த்தால் ஏழு மணி நேரம்.

சாலை வழியே வில்கானியா, கோபார், நிங்கன் தாண்டிப் போனால் சுமார் 750 கிமீ. நிற்காமல் ஓட்டினால் எட்டு மணி நேரம், ஆனால் அந்தச் சாலையில் நிற்காமல் ஓட்டக் கூடாது. அந்தி சாய்ந்த பிறகு கங்காரு குறுக்கே பாயும் பகுதி, இருட்டுவதற்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

காரில் போனாலும் அந்த அரை மணி உங்களை விடாது. போன் தானாக மாற்றிக்கொள்ளும், பழைய காரின் கடிகாரம் மாற்றிக்கொள்ளாது. டப்போவில் யாரையாவது ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தால் போனைப் பாருங்கள்.